டிமாண்டுக்கு மூன்று வேண்டும்

எங்கள் வீட்டில் மிகவும் கெட்ட வார்த்தை எது என்று கேட்டால், "பாத்துக்கலாமுங்க" என்பதைத்தான் சொல்வேன். இதில் என்ன கெட்டது என்று வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள். திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களைக் கேளுங்கள், காறித் துப்புவார்கள்.

அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். சம்பளம் பற்றாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியாட்களுக்கும் துணி வெட்டிக் கொடுப்பார். துணி கொடுக்கிறவர் ரேட் மட்டும் சொல்லமாட்டார். "அவசர ஆர்டருங்க மாஸ்டர், மொதல்ல முடிச்சுக் குடுத்துருங்க, ரேட்டு அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்பார். பேச்சில் அவ்வளவு மரியாதை. சரக்கு அவர் கைக்குப் போன பிறகு பார்ப்பார். பார்த்துவிட்டு, வாயில் வந்த ரேட்டைச் சொல்வார். வெட்டின துணியைத் திரும்ப ஒட்டி நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்ல முடியுமா? கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மூலையில் வீசிவிட்டு, அம்மாவையும் என்னையும் எதிரே உட்காரவைத்துச் சொல்வார்: "ரேட்டுப் பேசாம துணியத் தொடறவன் மடையன். நல்லாக் கேட்டுக்கங்க. மடையன்."

நன்றாகத்தான் கேட்டுக்கொண்டேன். கேட்டு என்ன, நாக்கு வழிக்கவா?

பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு நல்ல மார்க் வந்தது. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், வணிகவியல். மகளிர் கல்லூரி ஒன்றில் பி.காம் இடம் கிடைத்தது. அப்பா சேர்த்துவிட்டார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சேர்த்துவிட்டு வந்த அன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

"ஒரு வருசம் பாக்கறேன் கண்ணு. ஒத்தப் பேப்பர் போச்சுன்னாலும் கம்பெனிதான். ஓவர்லாக் மெஷின்ல உக்காந்துக்கோணும்."

"எல்லாம் பாஸாயிட்டனுங்கன்னா, அப்பா?"

"மொதல்ல பாஸ் பண்ணு. அப்பறம் பாத்துக்கலாம்."

அந்தச் சொல்லை அவர் வாயால் சொன்னார், நானும் என் காதால் கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வெட்கக்கேடு.

கம்பெனி என்றால் எனக்குக் குலை நடுங்கும். தெரியாத இடத்தைப் பற்றிய பயமாக இருந்தால் போகப் போகத் தீர்ந்துவிடும், எனக்கு அது தெரிந்த இடம். பத்தாம் வகுப்பு லீவில் பனியன் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினை ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். லீவு முடிந்ததும் நான் மட்டும் பள்ளிக்கூடம் திரும்பினேன், என்னோடு வேலைக்கு வந்த வகுப்புப் பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். சம்பளச் சனிக்கிழமைகளில் கடைவீதியில் பார்க்கும்போது தலைமுடியில் பஞ்சோடு நிற்பார்கள். "நீ குடுத்து வெச்சவ புள்ள" என்பார்கள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. மனிதப் புத்தி அப்படித்தான்.

கல்லூரியில் எல்லாப் பாடமும் இங்கிலீஷ். கணக்குப் பதிவியல் பயமில்லை, எண்களுக்கு எந்த மீடியமும் கிடையாது. பிசினஸ் எகனாமிக்ஸ்தான் எமன். அதை நடத்த வந்த மேடம் அதைவிடப் பெரிய எமன். கோயமுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த கோபத்தை எங்கள் மேல் இறக்குகிறார் என்று முதலில் நினைத்தோம். உட்கார இடம் கிடைத்த நாட்களிலும் அதே கோபம்தான்.

முதல் நாளே, "தமிழ் மீடியமெல்லாம் எழுந்து பின்னாடி போங்க" என்றார். போனோம். கடைசி இரண்டு பெஞ்சு நிறைந்தது. பிறகு என்னைப் பார்த்து, "டிமாண்ட்னா என்ன?" என்று கேட்டார்.

தமிழில் படித்ததுதானே என்று தைரியமாக, "தேவை, மேடம்" என்றேன்.

"தேவையா? உனக்கு ஒரு கார் தேவை. தேவையா இல்லையா?"

"தேவைதான் மேடம்."

"வாங்கிடுவியா?"

முன் பெஞ்சுகள் சிரித்தன. கடைசி பெஞ்சும் சிரித்தது, அதுதான் கொடுமை. மேடம் கரும்பலகையில் எழுதினார். டிமாண்ட் என்பது டிசையர், எபிலிட்டி, வில்லிங்னெஸ். பொருள்மேல் ஆசை இருக்க வேண்டும். வாங்கும் சக்தி இருக்க வேண்டும். அதற்காகக் காசை எடுத்துக் கொடுக்க மனசும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது டிமாண்ட் ஆகாது. "வெறும் ஆசைக்கு எகனாமிக்ஸ்ல இடம் கிடையாது. பஸ் ஸ்டாண்ட்ல படுத்திருக்கவனுக்கும் ஆசை இருக்கு" என்று சொல்லி, எழுதின சாக்பீஸை மேசையில் போட்டார்.

தமிழில் படித்தபோது இந்தக் கொடூரம் எனக்குத் தெரியவே இல்லை. தேவை என்றால் பாவம், வேண்டுமே என்றுதான் மனசில் படும். டிமாண்ட் அப்படி இல்லை. கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று முதலில் பார்க்கும்.

அடுத்த வாரம் இன்ஃபீரியர் குட்ஸ். வருமானம் கூடினால் மக்கள் எதை வாங்குவதை விட்டுவிடுவார்களோ அது மட்டரகப் பொருள். விளக்கிவிட்டு மேடம் மிகச் சாதாரணமாகக் கேட்டார்: "இங்க யார் வீட்ல ரேஷன் அரிசி சாப்பிடறீங்க?"

நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சுற்றிப் பார்த்தால் என் கை மட்டும்தான் மேலே இருந்தது. அதே கார்டு, அதே வரிசையில் என் முன்னால் நின்று அரிசி வாங்கும் ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குட். எக்சாம்பிள் தானா எழுந்து வந்துடுச்சு" என்றார் மேடம். "இவங்க அப்பாவுக்குச் சம்பளம் ஏறட்டும். அந்த அரிசியை மாட்டுக்குப் போடுவாங்க."

வகுப்பு முடியும்வரை என்னை உட்காரச் சொல்லவில்லை. மறந்துவிட்டாரோ, வேண்டுமென்றே செய்தாரோ, எனக்குத் தெரியாது. நாசமாய்ப் போக என்று மனசுக்குள் சபித்துக்கொண்டே நின்றேன். இன்ஃபீரியர் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் நான் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் வரவில்லை.

மற்றவற்றை மனப்பாடம் செய்துதான் தீரவேண்டும். எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் ஏறும். நாங்கள் நல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், நடுவே ஒரு நடை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். அந்த நடையில் மேலும் கீழும் நடந்துகொண்டு நான் கத்துவேன். இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. "டிமாண்ட் மீன்ஸ் டிசையர் பேக்ட் பை எபிலிட்டி அண்ட் வில்லிங்னெஸ் டு பே. ஆசை, சக்தி, மனசு. மூன்றும் சேர்ந்தால்தான் டிமாண்ட்."

எதிர் வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருத்தி இருந்தாள். கம்பெனியில் செக்கிங் வேலை, தைத்து வந்த பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். வாய் கொஞ்சம் நீளம்.

"என்னட்டி, காலங்காத்தால இங்கிலீசுல யாரை ஏசுத?"

விளக்கினேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"வயிறு பசிக்கி. கையில துட்டு இல்ல. அப்போ அது டிமாண்டு இல்லியா?"

"இல்லக்கா. சக்தி இல்லைல்ல."

"எவம்ட்டி அந்தப் புஸ்தகம் எழுதுனவன்? அவனை ரெண்டு நாளு பட்டினி போடணும். பெறவு எழுதச் சொல்லணும்." குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே, "ஏ டிமாண்டு, கொழாயில தண்ணி வருதா?" என்பாள். லைன் முழுக்க எனக்கு அதுவே பெயராயிற்று.

அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வேலை விட்டு வந்து தட்டோடு உட்கார்ந்தால் அவர் காதில் என் குரல்தான் விழும். முதலில், "சித்தெ மெதுவாப் படி" என்பார். பிறகு ஒருநாள் அவராகவே, "அந்த மூணு என்ன கண்ணு, சொல்லு பாக்கலாம்" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பாடத்தைப் பற்றி அப்பா ஒரு கேள்வி கேட்கிறார்! எதிரே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன்.

"ஆசை, சக்தி, மனசுங்கப்பா. கூலிக்காரனுக்குக் கார் வாங்க ஆசை இருக்குது, சக்தி இல்லீங்க. அது டிமாண்டு ஆகாதுங்க."

"செரி."

"ஒரு கஞ்சன் இருக்கறானுங்க. அவனுக்கு ஆசையும் இருக்குது, பொட்டி நெறையப் பணமும் இருக்குது. எடுத்துக் குடுக்க மனசு வர்றதில்லை. அதும் டிமாண்டு ஆகாதுங்க."

அப்பா வாயில் சோற்றோடு சிரித்தார். "அது வேற ஆருமில்ல, என்ற மொதலாளிதான்" என்றார். அம்மாவும் சிரித்தாள். எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அபூர்வம், அதனால் எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

அந்த வருடம் ஊருக்கே பித்துப் பிடித்திருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற துணிக்கு இவ்வளவுதான் என்று இருந்த கோட்டாவை எடுத்துவிட்டார்கள், இனி ஆர்டர் கொட்டப்போகிறது என்று டீக்கடை டீக்கடையாகப் பேச்சு. நேற்றுவரை பிறர் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் எல்லாம் பழைய மெஷின் வாங்கிப் போட்டு முதலாளி ஆனார்கள். பெருமாநல்லூர் ரோட்டில் மாட்டுக் கொட்டகையைக்கூடக் கழுவிவிட்டு வாடகைக்கு விட்டார்கள். மெஷின் எளிதில் கிடைத்தது, ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. டெய்லர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் வேறு கம்பெனியில் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்பா இதை ஒருநாள் என்னிடம் கேட்டார். "ஏங் கண்ணு, டெய்லருக கூலி இப்பிடி ஏறுதே, உன்ற புத்தகத்துல அதுக்கு என்னமோ சொல்லியிருக்கோணுமே?"

சொல்லியிருந்தது. தேர்வு நெருங்கியிருந்ததால் எனக்கும் நாக்கு நுனியில் இருந்தது. "சப்ளை கம்மி, டிமாண்டு ஜாஸ்திங்கப்பா. அதனால விலை ஏறுதுங்க."

"அப்ப வாங்கறவன் என்னதான் பண்றது?"

"அதே வேலைக்கு ஆகற வேற எது மலிவாக் கெடைக்குதோ, அதுக்குப் போயிருவானுங்க. சப்ஸ்டிட்யூட்னு பேருங்க. காப்பி வெலை ஏறுனா டீ குடிக்கற மாதிரி."

"மலிவாக் கெடைக்கறது" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டார். கை கழுவாமல் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். இப்படி எல்லாம் பேசுகிற பெண்ணைப் பெற்றோமே என்ற பெருமை என்று நினைத்தேன். அன்று நான் எவ்வளவு சந்தோஷமாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

தேர்வு வந்தது. வினாத்தாளைத் திருப்பியதும் முதல் இரண்டு மார்க் கேள்வியே டிமாண்ட் என்றால் என்ன. மூன்றையும் எழுதி, கஞ்சனையும் எழுதினேன். தேவை விதிக்குப் படம் போட்டேன். சப்ஸ்டிட்யூட்டுக்குக் காப்பியும் டீயும் எழுதினேன். இன்ஃபீரியர் குட்ஸுக்கு ரேஷன் அரிசி என்றுதான் எழுதினேன், வேறு எதை எழுத?

எல்லாப் பேப்பரும் பாஸ். எகனாமிக்ஸில் கடைசி பெஞ்சுகளில் நான்தான் முதல். முன் பெஞ்சிலும் என்னைத் தாண்டியவர்கள் சிலர்தான். மேடம் பட்டியலில் விரலை வைத்து என் பெயரில் நிறுத்தினார்.

"யாரைப் பார்த்து எழுதினே?"

"நானாத்தான் எழுதினேன் மேடம்."

"பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தா?"

ஜன்னல் என்று சொன்னேன். திமிர் என்றார். இருந்துவிட்டுப் போகட்டும், இனி இவர் முகத்தில் முழிக்கவேண்டியதில்லை, இரண்டாம் வருடத்துக்கு வேறு மேடம் என்று குதித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

லைன் வீட்டு வாசலில் சரக்கு ஏற்றும் மினி டோர் ஆட்டோ ஒன்று நின்றது. எங்கள் வீட்டை ஒட்டி ஒரு வீடு காலியாகக் கிடந்தது, அதன் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு ஓவர்லாக் மெஷின், மடிப்புத் தைக்கிற பேட்லாக் ஒன்று, ஒரு கட்டிங் டேபிள். எல்லாம் பழையவை, துடைத்துப் பொட்டு வைத்திருந்தது. அம்மா எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு டெய்லர் பேட்லாக்கில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். ஓவர்லாக் ஒன்றில் திருநெல்வேலி அக்காவின் தம்பி நூல் கோத்துக்கொண்டிருந்தான். இன்னொரு ஓவர்லாக்கின் முன்னால் ஸ்டூல் காலியாக இருந்தது.

"அப்பா, எல்லாமே பாஸுங்க. எகனாமிக்ஸ்ல நாந்தானுங்க கடைசி பெஞ்சுல பஸ்ட்டு."

"நல்லது கண்ணு" என்றார். முகம் மலர்ந்துதான் சொன்னார். பிறகு அந்தக் காலி ஸ்டூலைக் காட்டினார். "உக்காரு. மொதப் பீஸ் நம்ம ஊட்டு ஆளு கையால ஓட்டுனா நல்லது."

பூஜைக்கு ஒரு பீஸ் என்று நினைத்து உட்கார்ந்தேன். ஓட்டினேன். எழுந்தேன். "எங்கீம்மா எந்திரிக்கற?" என்றார்.

"காலேஜ் அடுத்த வாரம் தொறக்கறாங்கப்பா. பீஸ் கட்டோணுமுங்க, அதையும் சொல்லீர்லாம்னு."

"காலேஜ் வேண்டாம் கண்ணு. வெளியாளு வெச்சா கட்டுபடியாகாது. முன்பணம் வாங்கீட்டு ஓடிப் போயிர்றானுக. நம்ம புள்ள எங்கயும் ஓடாது."

"பாஸ் பண்ணீட்டனுங்கல்ல! பெயிலானாத்தானே கம்பெனின்னு சொன்னீங்க!"

"ஆமா, சொன்னேன். பாஸானா என்ன சொன்னேன்?"

அவரே சொன்னார்: "பாத்துக்கலாம்னு சொன்னேன். பாத்தாச்சு."

அந்த மடையன் பாடத்தை எத்தனை தடவை எனக்கு நடத்தியவர்! வருடம் முழுக்க நான் உழைத்த உழைப்பு அவர் கைக்குப் போய்விட்டது, இப்போது ரேட் சொல்கிறார். வெட்டின துணி. எனக்கு அப்போது அவர்மேல் வந்த ஆத்திரத்தை எழுதினால் காகிதம் எரியும். துணி கொடுத்தவர்கள் அவருக்குச் செய்ததை அவர் எனக்குச் செய்தார், அதே சொல்லால், அதே மரியாதையோடு.

அம்மாவைப் பார்த்தேன். அவள் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். "நல்ல நேரம் போகுது, உக்காரு கண்ணு" என்றாள்.

விடவில்லை நான். "பீஸ் கட்டப் பணமில்லைன்னா சொல்லுங்கப்பா. ஞாயித்துக்கெழமை, லீவு நாளெல்லாம் கம்பெனிக்குப் போயி நானே கட்டிக்கறனுங்க. எனக்குப் படிக்கோணுமுங்க. ஆசையா இருக்குதுங்க" என்றேன். அழுதுவிட்டேன். டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போனார். அக்கா தம்பி குனிந்த தலை நிமிரவில்லை.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மறந்திருப்பேன். பக்கத்தில் வந்து குந்தினார். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார்.

"உனக்கு ஆசை இருக்குது. நான் இல்லைன்னு சொல்லல. சக்தி இருக்குதான்னா, அதும் இருக்குது. மெஷின் வாங்குன கையி, உன்ற பீஸக் கட்ட முடியாதுன்னு பொய்யி சொல்லமாட்டேன்." இரண்டு விரல் மடங்கியிருந்தது. மூன்றாவது விரலை மடக்காமல் நீட்டியே வைத்திருந்தார். "எனக்கு மனசு இல்லை கண்ணு. மூணும் சேந்தாத்தான்னு நீதானே சொல்லிக் குடுத்த."

இரண்டு மார்க் கேள்விக்கு நான் எழுதிய கஞ்சனுக்கு முகம் கிடையாது. புத்தகத்தில் இருந்தபடி எழுதியிருந்தேன். இப்போது அவனுக்கு முகம் இருந்தது, நான் பிறந்தது முதல் பார்த்துக்கொண்டிருக்கும் முகம்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். நூல் அறுந்திருந்தது. அப்பாவே குனிந்து கோத்துக் கொடுத்தார்.